லாண்டெர்டிங்கரின் கணக்கு: பயத்லான் முடிவுத்தாளைப் படிக்கும் முறை

பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கிச் சுடுதலும் கலந்த போட்டி பயத்லான். அதன் வீரரைப் பதக்க எண்ணிக்கையை மட்டும் வைத்து எடை போட்டால் பாதி ஆளைத்தான் பார்த்ததாகும். பனிச்சறுக்கு வேகம், சுடுமிடத்தில் செலவாகும் நேரம், தவறிய குண்டுகள் என மூன்றும் தனித்தனிக் கணக்கு. ஆஸ்திரியாவின் டொமினிக் லாண்டெர்டிங்கரை (பிறப்பு 1988) வைத்துப் பழகினால் இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும்.

முதலில் அளவு மனத்தில் பதியட்டும். இலக்கு 50 மீட்டர் தூரத்தில் இருக்கும். புக்கிட் ஜாலில் பெரிய நீச்சல் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்துச் சுடும்போது குண்டு பட வேண்டிய வட்டம் 45 மில்லிமீட்டர்: இரண்டு 50 சென் காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் அகலம். நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர், அதாவது ஒரு சிடி தட்டைவிடக் கொஞ்சம் சின்னது. துப்பாக்கி குறைந்தது 3.5 கிலோ. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, அரை லிட்டர் ஒன்று, மூன்றையும் ஒரு பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பிளாட்டின் பத்து மாடியை வேகமாக ஏறுங்கள். மேலே போனதும் கையை நீட்டி, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியை விரல் நுனியால் ஐந்து முறை குறிபாருங்கள். விரல் நாடித்துடிப்போடு சேர்ந்து ஆடும். மூச்சை நீளமாக அடக்கினால் ஆட்டம் கூடும். மூச்சு விட்டு முடித்த அந்தச் சின்ன இடைவெளியில்தான் விரல் கொஞ்சம் அடங்கும். வீரர்கள் விசையை அழுத்துவதும் அங்கேதான். நெஞ்சுவலி, முட்டிவலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

இனி முடிவுத்தாள். இரண்டு முறை மட்டும் சுடும் குறுகிய ஓட்டமான ஸ்பிரிண்டில் ‘0+1’ என்றிருந்தால் படுத்து ஒன்றும் தவறவில்லை, நின்று ஒன்று தவறியது. தனிநபர் ஓட்டத்தில் நான்கு எண்கள்: படுத்து, நின்று, படுத்து, நின்று. துரத்தல் ஓட்டமான பர்சூட்டிலும், எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் மாஸ் ஸ்டார்ட்டிலும் முதல் இரண்டும் படுத்து, அடுத்த இரண்டும் நின்று. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வரிசையைக் குழப்பிக்கொள்வார்கள்.

தவறுக்கான விலையும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். ஸ்பிரிண்டில் ஒரு தவறுக்கு 150 மீட்டர் தண்டனைச் சுற்று. அது ஏறக்குறைய 20 முதல் 25 விநாடி தின்னும். 20 கிலோமீட்டர் தனிநபர் ஓட்டத்தில் ஒரு தவறுக்கு முழு ஒரு நிமிடம் நேரத்தோடு சேரும்.

2014 சோச்சி ஸ்பிரிண்டில் லாண்டெர்டிங்கர் ஒரு குண்டையும் தவறவிடவில்லை. ஒன்றைத் தவறவிட்ட நார்வேயின் பியோர்ண்டாலன் 1.3 விநாடி வித்தியாசத்தில் தங்கத்தைத் தட்டிச் சென்றார். அப்படியானால், தண்டனைச் சுற்று நீங்கலாக, லாண்டெர்டிங்கர் இருபது விநாடிக்கு மேல் பின்தங்கியிருந்தார். 2018 பியோங்சாங் தனிநபர் ஓட்டத்தில் இது இன்னும் அப்பட்டம். இரண்டு தவறோடு, அதாவது இரண்டு நிமிடத் தண்டனையோடு, நார்வேயின் யோஹன்னஸ் போ தங்கம் வென்றார். தவறே இல்லாத லாண்டெர்டிங்கருக்கு வெண்கலம். தண்டனையைக் கழித்துப் பார்த்தால் போ 2 நிமிடத்துக்கும் மேல் வேகம். அந்த வெண்கலத்தைச் சறுக்குப் பலகை தரவில்லை, துப்பாக்கி தந்தது. முந்தைய ஆண்டு அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததைப் பக்கத்தில் குறித்துக்கொண்டால்தான் அதன் கனம் தெரியும்.

பர்சூட்டில் இறுதி இடத்தை அப்படியே நம்பாதீர்கள். ஸ்பிரிண்டில் விழுந்த இடைவெளியோடுதான் ஒவ்வொருவரும் புறப்படுகிறார்கள். அந்த இடைவெளியைக் கழித்து, அன்றைய ஓட்ட நேரத்தை மட்டும் பாருங்கள்.

ரிலேயில் கூடுதலாக மூன்று குண்டுகள் உண்டு. ‘1+3’ என்றால் மூன்றையும் செலவழித்தும் ஒரு தண்டனைச் சுற்று. 2010 வான்கூவரில் ஆஸ்திரியா ரிலே வெள்ளி வென்றது. 2014-இல் களத்தில் கிடைத்தது வெண்கலம்; ஆனால் முதலிடம் பிடித்த ரஷ்ய அணியின் வீரர் ஒருவர்மீதான ஊக்கமருந்து வழக்கால் அந்த முடிவு பின்னால் திருத்தப்பட்டது. பழைய பட்டியலிலிருந்து பதக்கத்தை எடுத்து எழுதுமுன் புதிய பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டில் பருவத்துக்கு ஒரு வரி: சறுக்கு நேரத்தில் எத்தனையாம் இடம், படுத்த தவறு, நின்ற தவறு, காயம். லாண்டெர்டிங்கருக்கு, 20 வயதில் மாஸ் ஸ்டார்ட் உலகப் பட்டம் வென்ற 2009-இலிருந்து ஓய்வு பெற்ற 2020 வரை, பன்னிரண்டு வரிகள். ஆஸ்திரியாவின் ஹோக்ஃபில்சனில் பகல் 2.30-க்குத் தொடங்கும் குளிர்கால ஓட்டம் கோலாலம்பூரில் இரவு 9.30, இன்று ஓடுகிறவர்களுக்கும் அதே நோட்டில் பக்கம் ஒதுக்கலாம்.