குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துக் கும்பிடுவது எப்படி

சிறுபோக நெல் விதைப்புக்கு முன்னால் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக் கமக்காரர் கூட்டம் கூடினால் முதல் கேள்வி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதுதான். 36 அடி கொள்கிற குளம். அவ்வளவு இல்லையென்றால் யாரும் தலையில் கைவைத்துக்கொண்டு இருப்பதில்லை, நிற்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பார்த்துப் பங்கு பிரிப்பார்கள் (சண்டையும் வரும், அது வேறு கதை). அதே ஆட்கள் கோயில் வாசலுக்குப் போனதும் கணக்குத் தலைகீழாகிவிடும், இல்லாததை மட்டும்தான் சொல்லுவோம். நானும் அப்படித்தான் கும்பிட்டேன். விரதம் என்றால் வயிறு காய வேணும், நேர்த்தி என்றால் உடம்பு நோக வேணும், கஷ்டப்பட்டால்தான் கடவுளுக்குக் காது கேட்கும் என்ற நினைப்பு. அதிலிருந்து வெளியே வந்த விதத்தைச் சொல்கிறேன், சரிவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கை கூப்பினதும் கேட்கிறதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் இன்றைக்கு வந்த ஒன்றைச் சொல்லுங்கள், அதையும் அளவோடு சொல்லுங்கள். 'எல்லாத்துக்கும் நன்றி' என்றால் வாய் சொல்லும், மனம் சந்தையில் நிற்கும்.

இது அம்மாவிடம் பார்த்தது. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிக்குளத்து அகதி முகாமில் இருந்தோம். தண்ணீர் பவுசர் வந்தால் வரிசையில் வாளியை வைத்துவிட்டு வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். பின்னேரம் தறப்பாள் கொட்டிலுக்குள் விளக்கும் இல்லை, எண்ணெயும் இல்லை, அம்மா கிழக்குப் பக்கம் திரும்பி நின்று, "இண்டைக்கு ரெண்டு வாளி கிடைச்சது தாயே" என்பா. அவ்வளவுதான் பூசை. எனக்கு ஆத்திரமாக வரும், இவ்வளவும் போன பிறகு ரெண்டு வாளிக்கு என்ன நன்றி என்று. ஒருநாள் பாதி வாளிதான் கிடைத்தது. அன்றைக்கு என்ன சொல்லப் போகிறா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். "இண்டைக்கு அரை வாளிதான்" என்றா. கூட்டியும் சொல்லவில்லை, புலம்பவும் இல்லை.

அடுத்தது நேர்த்தி. 'இது நடந்தால் பொங்குவேன்' என்று பேரம் பேசுவதை விட்டு, நடந்து முடிந்த ஒன்றுக்குப் பொங்கிப் பாருங்கள். இது புதுப் பழக்கமும் இல்லை. தைப்பூசத்தில் புதிர் எடுத்து, அதாவது முதல் கதிரை அறுத்து வந்து, அந்த நெல்லில் சோறாக்கிப் படைக்கிறோமே, அன்றைக்கு யார் என்ன கேட்கிறார்கள்? நெல் வந்தது, அதனால் சோறு. வயல் இல்லாதவர்கள் வளவு முருங்கையின் முதல் காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.

சந்தோசத்தையும் கும்பிடுவதில் சேருங்கள். காவடி எடுப்பவரை நான் குறை சொல்லவில்லை, அது அவர் வழி. ஆனால் வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய், கடல் தண்ணீரில் எரிகிற விளக்கைக் கும்பிட்டுவிட்டு, மணலில் பாயைப் போட்டுக் கச்சான் கடலை உடைத்தபடி விடிய விடியச் சொந்தபந்தத்தோடு கதைக்கிறதும் அம்மாளுக்குத்தான். கச்சான் வாங்காமல் வந்தால் கோயிலுக்குப் போனதாகவே வீட்டில் நம்பமாட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனம். இதெல்லாம் உங்களுக்கு நீங்களே செய்துகொள்வது, இன்னொருவருக்குப் புத்தி சொல்ல அல்ல. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாரிடம் போய் 'இருக்கிறதுக்கு நன்றி சொல்லுங்கோ' என்று மறந்தும் வாய் திறக்காதீர்கள். அங்கே செய்யக்கூடியது பக்கத்தில் இருப்பதுதான். உங்களுக்கும் மே மாதம் வந்து, போரில் செத்தவர்களை நினைத்துக் கொடுக்கிற முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கையில் வாங்கும்போது தொண்டை அடைத்தால் அழுங்கள், அன்றைக்கு நன்றிக் கணக்கெல்லாம் வேண்டாம். மற்ற நாட்களிலும் ஒன்றுமே தோன்றாவிட்டால், 'இன்றைக்கு ஒன்றும் இல்லை' என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் படுங்கள்.

இப்போது வளவில் கிணறு இருக்கிறது, மோட்டரும் இருக்கிறது. நேற்று மோட்டர் பழுது. பின்னேரம் அம்மா விளக்கை ஏற்றிவிட்டுச் சொன்னா, "இண்டைக்குப் பக்கத்து வீட்டில ரெண்டு வாளி தந்தவை தாயே."