ஹெட்ஃபோன் வாங்கும் முன் ஒரு வாரம் குறிப்பெழுதுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஆசை ஆசையாக ஒரு பெரிய ஹெட்ஃபோன் வாங்கினேன். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படுத்தும் ரகம். 250 ஓம் (இந்த எண் இவ்வளவு பெரிதானால் ஃபோனின் சக்தி போதாது), திறந்த பின்புறம், மெத்தென்ற குஷன். வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் செருகிப் பாட்டைப் போட்டேன். வால்யூமை முழுக்க ஏற்றியும் பாட்டு அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. மறுநாள் அலுவலகக் கணினியில் செருகினேன். அங்கே சத்தம் ஓரளவு வந்தது. எனக்கு மட்டுமில்லை, பக்கத்து இருக்கைக்கும். "பாட்டு நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். காதும் காதும் வைத்ததுபோல் கேட்க வேண்டியதை ஊருக்கே போட்டுக் காட்டியிருக்கிறேன்!

ஹெட்ஃபோனில் ஒரு குறையும் இல்லை. அமைதியான அறையில், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்து கேட்பவருக்காகச் செய்த பொருள் அது. நான் அப்படிக் கேட்கிற ஆள்தானா என்று வாங்கும் முன் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் முதல் ஹெட்ஃபோன் வாங்கப்போகிறவர்களுக்கு இந்த வரிசையைச் சொல்கிறேன். விலை ஐந்தாவது படியில்தான் வரும்.

படி 1: ஒரு வாரக் குறிப்பு

ஃபோனிலேயே ஒரு குறிப்பைத் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறை காதில் எதையாவது மாட்டும்போதும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எங்கே இருந்தேன், என்ன கேட்டேன், எவ்வளவு நேரம், எந்தக் கருவியில். மைக்கில் பேசினால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் குறிப்பு இப்படி வந்தது. வாரத்துக்குச் சுமார் 11 மணி நேரம். அதில் 6 மணி நேரம் அலுவலகக் கூட்டங்கள், 3 மணி நேரம் பேருந்துப் பயணம், மீதி 2 மணி நேரம்தான் கண்ணை மூடிக் கேட்கும் இசை. நான் பணத்தைக் கொட்டியதோ அந்த 2 மணி நேரத்துக்கு. எழுதிப் பார்க்கும் வரை இது எனக்கே தெரியாது. யாராவது கேட்டிருந்தால் "எப்பவும் பாட்டுதான் கேப்பேன்" என்று சத்தியம் செய்திருப்பேன்.

படி 2: இடத்துக்கு ஏற்ற வடிவம்

குறிப்பில் எந்த இடம் அதிக நேரம் வருகிறதோ அதை வைத்து வடிவத்தை முடிவு செய்யுங்கள். ஒலித் தரம், பிராண்ட் எல்லாம் அப்புறம்.

காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்ஃபோன்தான் நீண்ட நேரத்துக்குச் சுகம், ஏனென்றால் அதன் குஷன் காதைச் சுற்றித் தலையில் உட்காரும், காது மடலை அழுத்தாது. எடை பெரும்பாலும் 200 முதல் 350 கிராம் வரை இருக்கும். வெயில் காலத்தில் வியர்க்கும் என்பது அதன் குறை. காது மடலின் மேல் உட்காரும் சிறிய ரகம் லேசானது, மடக்கிப் பையில் போடலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காது வலிக்கும். எனக்கு அரை மணி நேரத்திலேயே வலித்துவிடும்.

காதுத் துளைக்குள் ரப்பர் முனையோடு செருகும் இயர்போன் வெளிச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும், சட்டைப் பையில் அடங்கும். ரப்பர் இல்லாமல் காது வாசலில் தொங்கும் இயர்பட் எதையும் தடுக்காது, பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியும் குறைவாக இருக்கும். ஆனால் காது அடைத்துக்கொள்ளும் உணர்வு பிடிக்காதவர்களுக்கு அதுதான் கதி. சாலையோரம் ஓடுபவர்கள் கன்ன எலும்பின் வழியாக அதிர்வை அனுப்பும் ரகத்தைப் பார்க்கலாம். காது திறந்தே இருப்பதால் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்கும். பாட்டின் தரம் சுமார்தான்.

பெரிய ஹெட்ஃபோன் என்று முடிவானால் இன்னொரு கேள்வி இருக்கிறது: பின்புறம் திறந்ததா, மூடியதா? மூடியது ஒலியை உள்ளேயே வைத்துக்கொள்ளும். திறந்ததில் பின்புறம் வலை போலிருக்கும். காற்றும் ஒலியும் தாராளமாக வந்துபோகும். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி 414தான் இந்தத் திறந்த வகையைப் பரவலாக்கியது. பாட்டு தலைக்குள் அடைபடாமல் எதிரே விரிவது போன்ற உணர்வு அதில் கிடைக்கும். தனி அறை இருந்தால் தைரியமாக வாங்குங்கள். பேருந்துக்கும் அலுவலகத்துக்கும் வேண்டாம்; என் கதையைத்தான் படித்தீர்களே.

பயணம் அதிகம் என்றால் நாய்ஸ் கேன்சலேஷன் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெட்ஃபோனில் உள்ள மைக் சுற்றுச் சத்தத்தைக் கேட்கும். அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உருவாக்கிவிடும். மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று சேர்ந்து சத்தம் அடங்கும். 1978இல் விமானப் பயணத்தின்போது எஞ்சின் இரைச்சலில் இசை கேட்க முடியாமல் போனபோது போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவர 1989 ஆகிவிட்டது.

எஞ்சின் இரைச்சலுக்காகப் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஒரே மாதிரி வரும் தாழ்ந்த ஒலிகளை, அதாவது விமானம், ரயில், ஏசி, மின்விசிறி போன்றவற்றை, அது அழகாக விழுங்கும். பேச்சு, குழந்தை அழுகை, ஹாரன் போன்று சட்டென்று மாறும் ஒலிகளிடம் அவ்வளவாக எடுபடாது. அலுவலக அரட்டையிலிருந்து தப்பிக்க மட்டும் இதற்குப் பணம் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். காதில் இறுகப் பொருந்தும் சாதாரண இயர்போனே அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும்.

படி 3: வயரா, ப்ளூடூத்தா?

ஒரே விலையில் இரண்டும் இருந்தால் ஒலித் தரத்தில் பெரும்பாலும் வயர்தான் ஜெயிக்கும். காரணம் எளிது. ப்ளூடூத்தில் உங்கள் பணம் பேட்டரிக்கும் சிப்புக்கும் சார்ஜ் பெட்டிக்கும் பிரிந்து போகிறது. ஆனால் இன்றைய ஃபோன்கள் பலவற்றில் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கே கிடையாது. வயர் என்றால் டைப்-சி அடாப்டர் ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். நடந்துகொண்டே கேட்பவர்களுக்கு வயர் தொல்லை என்பதையும் மறுக்க முடியாது.

ப்ளூடூத் வாங்கினால் பெட்டியில் கோடெக் பெயர்கள் இருக்கும். பாட்டைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறைதான் கோடெக். எஸ்பிசி எல்லாவற்றிலும் உண்டு. ஐஃபோன் ஏஏசியைப் பயன்படுத்தும். சோனி உருவாக்கிய எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஃபோனும் ஹெட்ஃபோனும் இரண்டுமே ஆதரித்தால்தான் அது வேலை செய்யும். ஐஃபோனில் எல்டாக் இல்லை, ஆகவே ஐஃபோன்காரர்கள் அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கோடெக்கை விடப் பெரிய விஷயம் ஒன்றைப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. வழக்கமான ப்ளூடூத்தில் மைக் இயங்கத் தொடங்கியதும் ஹெட்ஃபோன் இசை முறையிலிருந்து அழைப்பு முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய், ஒலி பழைய டெலிஃபோன் போல ஆகிவிடும். "மீட்டிங்ல சேர்ந்ததும் சவுண்ட் கெட்டுப்போகுது, ஹெட்ஃபோன் பழுதா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பழுதெல்லாம் இல்லை. மடிக்கணினியில் ஆடியோ அமைப்புக்குப் போய், மைக் என்ற இடத்தில் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்ஃபோன் கேட்பதற்கு மட்டும் என்று ஆகிவிட்டால் ஒலி பழையபடி வந்துவிடும். எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் இந்தச் சிக்கல் குறைகிறது, ஆனால் அதற்கும் இரு கருவிகளும் ஆதரிக்க வேண்டும்.

விளையாட்டுப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். வீடியோ செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதித்துச் சமாளித்துவிடும். சுட்ட பிறகு சத்தம் வரும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு விளையாட்டில் என்ன செய்ய? வயரே மேல்.

பேட்டரியையும் யோசியுங்கள். வயரே இல்லாத குட்டி இயர்பட்களில் பேட்டரியும் குட்டிதான். தினமும் பலமுறை சார்ஜ் ஏறி இறங்குவதால் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அது தளர்வது சகஜம். பெரும்பாலானவற்றில் பேட்டரியை மாற்றவும் முடியாது. நல்ல வயர் ஹெட்ஃபோனோ குஷனை மட்டும் மாற்றிக்கொண்டு பத்து ஆண்டு ஓடும்.

படி 4: பெட்டியில் உள்ள எண்கள்

20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை மனிதக் காது கேட்கும் என்பது பொதுக் கணக்கு. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். பெட்டியில் 40,000 என்று போட்டிருந்தால் வௌவாலுக்குத்தான் பயன்படும். ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர் 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பதிலிருந்தும் தரம் தெரியாது.

பார்க்க வேண்டியவை இரண்டு: ஓம் கணக்கில் வரும் மின்மறுப்பும் (மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு), டெசிபெல்லில் வரும் உணர்திறனும் (கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும்). ஃபோனில் நேரடியாகச் செருக 16 முதல் 32 ஓம் வரை வசதி. 250, 300 ஓம் எல்லாம் ஆம்ப்ளிஃபயர் கேட்கும். உணர்திறனைச் சிலர் மில்லிவாட்டுக்கு என்றும் சிலர் வோல்ட்டுக்கு என்றும் எழுதுவார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். 32 ஓம் ஹெட்ஃபோனில் மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் என்பதும் வோல்ட்டுக்குச் சுமார் 115 டெசிபெல் என்பதும் ஒன்றேதான். ப்ளூடூத்தில் இந்தக் கவலையே வேண்டாம், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது.

உடற்பயிற்சிக்கு என்றால் ஐபிஎக்ஸ்4 குறியைத் தேடுங்கள். அது தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். இயர்பட்டுக்குக் கொடுத்த குறி சார்ஜ் பெட்டிக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 5: இப்போது பணம்

2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து, அவற்றின் அதிர்வெண் ஒலிப்புக்கும் விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். தொடர்பு தென்படவில்லை. விலை ஏறினால் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் சமநிலை தானாக மேம்படும் என்று நம்ப இடமில்லை. அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? உறுதியான கட்டமைப்பு, மெத்தை, நல்ல நாய்ஸ் கேன்சலேஷன், தெளிவான மைக், அப்புறம் பெயருக்கும் கொஞ்சம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். முதலில் உச்ச வரம்பை எழுதுங்கள். அதில் ஒரு சிறு பங்கை ரப்பர் முனைகள், அடாப்டர், மாற்றுக் குஷன் போன்றவற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். மீதியில் தேடுங்கள்.

கையில் உள்ளது குறைவு என்றால் வயர் இயர்போன்தான் என் பரிந்துரை, யோசிக்கவே வேண்டாம். அந்த வரம்புக்குள் நாய்ஸ் கேன்சலேஷன் என்று எழுதி விற்பவற்றை ஒதுக்குங்கள். பெயருக்குத்தான் இருக்கும், பாட்டையும் கெடுக்கும். நடுத்தர வரம்பு இருந்து பயணமும் அதிகம் என்றால் ப்ளூடூத் நியாயமானது. ஒரு தலைமுறை பழைய மாடல் விலை குறைந்து கிடைத்தால் அதையே எடுங்கள், வித்தியாசம் பெரும்பாலும் சொற்பம். தாராளமாகச் செலவழிக்க முடிகிறவர்கள்கூட எல்லா வேலைக்கும் ஒன்றே என்று தேட வேண்டாம். கூட்டங்களுக்கு மைக் நன்றாக உள்ள எளிய ஒன்று, இசைக்கு வேறொன்று. இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் அந்த ஒற்றை விலை உயர்ந்த பொருளைவிட மலிவாகவே முடியும்.

எந்த வரம்பானாலும் கழற்றி மாற்றக்கூடிய வயரும் குஷனும் உள்ளதா என்று பாருங்கள். முதலில் அறுவது வயர்தான்.

படி 6: மாட்டிப் பாருங்கள்

உங்களுக்கு மனப்பாடமான மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தனிக் குரல், ஒன்றில் கனமான தாளம், ஒன்றில் பல கருவிகள் ஒரே நேரத்தில். குரல் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் இருக்கிறதா? தாளம் குரலை மூடுகிறதா? கூட்டமான இடத்தில் ஒவ்வொரு கருவியையும் தனியாகப் பின்தொடர முடிகிறதா? இவ்வளவு போதும்.

இரண்டை ஒப்பிடும்போது வால்யூம் சமமாக இருக்கட்டும். சற்றே உரக்க ஒலிப்பது நம் காதுக்கு நல்லதாகத் தோன்றும். கடைகளில் பல பேர் ஏமாறுவது இங்கேதான்.

இயர்போனில் பேஸ் இல்லை என்று தோன்றினால் திட்டும் முன் ரப்பர் முனையை மாற்றுங்கள். இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலி கசிந்து ஓடிவிடும். என் இடது காதுக்கு நடுத்தர அளவு, வலது காதுக்குச் சிறியது; இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடிக் கம்பி குஷனைத் தூக்கி அதே கசிவை உண்டாக்கும்.

படி 7: வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் முன் ஒரு நாள் இரண்டு மணி நேரம் தொடர்ந்து அணியுங்கள். உச்சந்தலையும் காதோரமும் வலித்தால் "பழகிடும்" என்று சமாதானம் செய்துகொள்ளாமல் திருப்பிவிடுங்கள். இடம் வலம் சரியாக வருகிறதா பாருங்கள். மின்விசிறிக்கு அருகே நின்று உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். மைக்கின் யோக்கியதை அப்போது தெரியும்.

கடைசியாக வால்யூம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி நேரம், 86இல் 10. பெரும்பாலான ஃபோன்களில் உச்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கும் வசதி ஒலி அமைப்பில் இருக்கிறது. பேருந்தில் கேட்கும் அளவை வீட்டுக்கு வந்து போட்டுப் பாருங்கள். திடுக்கிட்டால் வரம்பை அதற்குக் கீழே வையுங்கள்.