ஊட்டியில் ஸ்பிரிண்ட் பயிற்சி: எதை மேலே செய்யலாம், எதற்குக் கீழே இறங்க வேண்டும்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். 1968-ல் ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியில் ஓடிய மெக்சிகோ சிட்டியும் ஏறத்தாழ அதே உயரம்தான். இங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எதிர்ப்பு குறைவதால் 100 மீட்டரில் 0.1 விநாடிக்குச் சற்றுக் குறைவாக இலாபம் கிடைக்கும். 1,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் ஓடிய நேரத்துக்குப் பக்கத்தில் 'ஏ' என்று குறிப்பது இதனால்தான்.

ஸ்டாப்வாட்ச் ஏமாற்றுவது தனிக் கணக்கு. கையால் எடுத்த நேரத்தோடு 0.24 கூட்டினால்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிட முடியும். ஊட்டி கிரவுண்டில் ஒரு பையன் 10.8 ஓடினால் முதலில் 11.04 என்று எழுதுங்கள். உயரத்துக்காக இன்னொரு 0.08 கூட்டுங்கள். 11.12 வரும். சென்னையில் காற்று வீசாத நாளில் ஏறக்குறைய அதுதான் அவன் ஓடுவான். பாரிஸ் 2024-க்கு ஆண்கள் 100 மீட்டர் தகுதி நேரம் 10.00; 2025 ஜூலையில் அனிமேஷ் குஜூர் தேசிய சாதனையாக ஓடியது 10.18. இந்த இடைவெளி தெரிந்தால் மாவட்டப் போட்டி வெற்றியை வைத்துக் கனவு காண மாட்டீர்கள். 200 மீட்டரில் கடைசிவரை வேகம் விழாத பிள்ளையை 400-க்கும் தயார் செய்யுங்கள். ஸ்பிரிண்டில் இந்தியாவுக்கு உலக மேடையில் இடம் கிடைப்பது ரிலேயில்தான்: 2023 புடாபெஸ்டில் 4x400 அணி 2:59.05 ஓடியபோது கடைசிச் சுற்று ஓடியவர் நம்ம தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ்.

மலையில் ஸ்பிரிண்டரைக் கெடுப்பது குளிர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலை ஆறு மணிக்கு முழு வேகத்தில் ஓடவிட்டால் பின்தொடைத் தசை கிழியும். பள்ளி நாள் என்றால் மாலை நான்கு மணி, விடுமுறை என்றால் காலை பத்தரை. வார்ம்-அப்புக்குக் குறைந்தது 40 நிமிடம்: 10 நிமிடம் மெல்லோட்டம், பிறகு கால்களை வீசும் பயிற்சிகள், ஏ-ஸ்கிப் (முழங்காலை உயர்த்தித் துள்ளுவது), கடைசியில் 60 மீட்டர் நான்கு முறை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் வேகமாக. டிராக்சூட்டைக் கடைசி ஓட்டம்வரை கழற்றக் கூடாது.

ஓய்வில்தான் பெரும்பாலான கோச்சுகள் தடுமாறுகிறார்கள். முழு வேகத்தில் 10 மீட்டருக்கு ஒரு நிமிட ஓய்வு என்பது பொதுக் கணக்கு. 60 மீட்டருக்கு ஆறு நிமிடம். செலவான சக்தியைத் தசை மீட்க ஆக்சிஜன் வேண்டும். மெல்லிய காற்றில் அது தாமதமாகும், ஆகவே எட்டு நிமிடம் கொடுங்கள். ஆனால் எட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்தால் உடம்பு சில்லிட்டுவிடும். டிராக்சூட் போட்டு நடக்கவிடுங்கள், கடைசி இரண்டு நிமிடம் ஸ்கிப்பிங். கீழே ஆறு முறை ஓடுகிறவர் இங்கே நான்கோடு நிறுத்தலாம். ஓடும் நேரம் 3 சதவீதத்துக்கு மேல் கூடினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மலை தருகிற உண்மையான வரம் மேடு. எஸ்டேட் ரோட்டில் 20 மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஏறும் இடம் போதும். ஷூவில் (தார் ரோட்டில் ஸ்பைக்ஸ் வேண்டாம்) 20 முதல் 30 மீட்டர், ஆறு தடவை, வாரம் இரண்டு நாள். இதைவிடச் செங்குத்தாக இருந்தால் இடுப்பு உட்கார்ந்துவிடும், பாதம் தரையில் அதிக நேரம் ஒட்டும். ஸ்டார்ட்டுக்கு அது உதவாது. இறக்கத்தில் ஓடாமல் நடந்தே வாருங்கள். விடியலிலும் அந்தியிலும் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், அந்த நேரத்தைத் தவிருங்கள்.

ஸ்டார்ட்டில் காலை ஊன்றும் பிளாக்கை முதலில் கோட்டிலிருந்து இரண்டு பாத அளவில் முன்கால், மூன்று பாத அளவில் பின்கால் என்று வைத்துப் பாருங்கள். 'செட்' (துப்பாக்கி ஒலிக்கு முன் இடுப்பை உயர்த்திக் காத்திருக்கும்) நிலையில் முன்முழங்கால் ஏறக்குறைய 90 பாகை, பின்முழங்கால் 120 முதல் 130. முதல் அடியிலேயே நிமிர்ந்துவிட்டால் முன்பிளாக் மிக நெருக்கமாக இருக்கலாம். ஓரிரு விரல்கட்டை பின்னே தள்ளுங்கள்.

400-க்கான 250, 300 மீட்டர் ஓட்டங்களைக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே அவற்றின் வேகம் கெடும். சமவெளியில் போட்டி இருந்தால் 10 முதல் 14 நாள் முன்பே இறங்கினால்தான் வெயில் பழகும். போட்டியன்று காலையில் கொண்டைஊசி வளைவுகளில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, விறைத்த தொடையோடு ஹீட்ஸ் (முதல் சுற்று) ஓட வேண்டாம்.

மலையில் சளியும் இருமலும் சகஜம், ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. சாதாரண இருமல் சிரப் பலவற்றில் டெர்பியூட்டலின் உண்டு. ஊக்கமருந்து விதிப்படி அது எப்போதும் தடை. சளி மருந்தில் வரும் சூடோஎஃபெட்ரின் ஓர் அளவைத் தாண்டினால் போட்டிக் காலத்தில் தடை, அந்தக் காலம் முந்தைய இரவு 11:59-க்கே தொடங்கிவிடும். வீசிங் இருந்தால் சல்பூட்டமால் இன்ஹேலருக்கு வரம்பு உண்டு: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் கூடாது. நெபுலைசர் வைத்தால் வரம்பைத் தாண்டிவிடும் ஆபத்து உண்டு, டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அட்டையில் மருந்தின் பெயரைப் படிக்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் பெயர் வந்தால் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பீர்கள் என்று பதிய வேண்டும். பதியாமல் விட்டதோ பதிந்த இடத்தில் இல்லாததோ 12 மாதத்தில் மூன்று முறை ஆனால் விதிமீறல், இரண்டு ஆண்டு வரை தடை. கோவைக்கு இறங்கும்போது, பஸ் ஏறும் முன்பே முகவரியை மாற்றிவிடுங்கள்; வழியில் சிக்னல் போய்விடும்.