முதலில் நாய்க்குட்டி, அப்புறம் கோழிக்குஞ்சு

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் 20 சென்ட் விளை, அதாவது தோட்டம், மூன்று பக்கமும் ரப்பர். இந்த மாதிரி இடத்தில் நாட்டுக்கோழி வளர்க்க யோசனை கேட்டு யாராவது வந்தால், வீட்டில் நாய் உண்டா என்றுதான் முதலில் கேட்பேன். பகலில் கீரி, ராத்திரியில் மரநாய், மழைக்காலத்தில் எப்போதாவது மலைப்பாம்பு, இவ்வளவுக்கும் நடுவில் நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் கோழிக்கு அதுதான் காவல். ஆனால் பழக்காத நாய் கீரியைவிட மோசம். நான் கோழியை முதலில் வாங்கி, ஆறு மாதம் கழித்து நாய்க்குட்டியைக் கொண்டுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் ஏழு குஞ்சுகள் முற்றத்தில் செத்துக் கிடக்கின்றன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை, விளையாடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் குட்டி முதலில் வரட்டும். சிப்பிப்பாறை வேண்டும் என்று தேடி அலையாதீர்கள், அது முயல் விரட்ட வளர்த்த இனம், எது ஓடினாலும் பின்னாலேயே ஓடும். பக்கத்து வீட்டு நாட்டு நாய் போட்ட குட்டி போதும். இரண்டு மாதக் குட்டியாக வாங்கி, கோழிக்குத் தீனி போடும் நேரத்தில் கயிற்றோடு பக்கத்தில் உட்கார வையுங்கள். கோழியைப் பார்த்து உடம்பு விறைத்து, காது முன்னால் வந்து, கண் அசையாமல் நின்றால், பாய்வதற்கு முன்பே "வேண்டாம்" என்று சொல்லி இழுத்துவிட வேண்டும். பாய்ந்த பிறகு அடித்துப் பிரயோஜனம் இல்லை. திரும்பி உங்களைப் பார்த்தால் ஒரு கருவாட்டுத் துண்டு கொடுங்கள். தினமும் பத்து நிமிடம், விடாமல். ஒரு வயது ஆகும்வரை குஞ்சுகளோடு தனியாக விடவே கூடாது, ஆறு மாதத்தில் நல்லபிள்ளையாகத் தெரியும், நம்பாதீர்கள். பெரிசான பிறகு எங்கள் வீட்டு வழக்கம் இதுதான்: கோழிகள் கூட்டில் அடைந்ததும் நாயை அவிழ்த்துவிடுவோம், காலையில் அதற்குக் கஞ்சி ஊற்றிவிட்டுத்தான் கூட்டைத் திறப்போம். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் வருடம் ஒருமுறை.

கூட்டைத் தரையிலிருந்து இரண்டடியாவது உயர்த்திக் கட்டுங்கள், நம் ஊரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, தரை காயவே காயாது. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையைக் கீரி கடித்துப் பிரித்துவிடும், அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பிவலை போடுங்கள். உள்ளே மரத்தூள் பரப்பி வாரம் ஒருமுறை கிளறினால் ஈரம் தங்காது. ஈரம் தங்கினால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். தீனிக்கு மிச்சச் சோறு, தேங்காய்ப் புண்ணாக்கு, கிளறித் தின்னக் கொஞ்சம் செத்தை. பச்சை மரச்சீனித் (மரவள்ளி) தோலைக் கோழிப் பக்கம் போடாதீர்கள், அதில் சயனைடு உண்டு, வேகவைத்த கிழங்கு என்றால் பரவாயில்லை.

இனி அடை வைப்பது. பெட்டைக்கோழி முட்டைப்பெட்டியை விட்டு இறங்காமல், கை நீட்டினால் சிலிர்த்துக் கொத்த வந்தால் அடைக்கு வந்துவிட்டது. உடனே முட்டையை வைக்காதீர்கள், இரண்டு நாள் நிஜமாகவே உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு வாரத்துக்குள் இட்ட, அழுக்கில்லாத, கழுவாத முட்டைகள் பத்துப் பன்னிரண்டு, அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போகாது. பழைய ஓலைக் கடவத்தில் (கூடையில்) ஆற்று மணல் கொஞ்சம், மேலே வைக்கோல். என் அம்மா இடிக்குப் பயந்து ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் போடுவார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் போட்டுவிடுகிறேன், எதற்கு வம்பு. முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள், வேறு கோழி வந்து நடுவில் இட்டுவிட்டுப் போனால் கண்டுபிடிக்க அதுதான் வழி. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு தெரியும், தெரியாததைக் கரு கூடாத முட்டை என்று எடுத்துவிடலாம். கோழி தினமும் ஒருமுறை இறங்கித் தின்று, தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டுவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பும், அதற்குள் பதறி முட்டையை மூடி வைக்க வேண்டாம். சாம்பலில் கொஞ்சம் வேப்பிலைப் பொடி கலந்து வைத்தால் பேன் அண்டாது. 21-ஆம் நாள் பொரியும். ஓட்டை உடைக்கக் குஞ்சு தடுமாறினாலும் நகத்தால் பிரித்துவிடாதீர்கள், இரத்தம் கசிந்து செத்துவிடும். பொரித்த ஏழாம் நாள் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு வெள்ளைக் கழிச்சல் மருந்து, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி, கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

அடைக்குப் போக மிஞ்சும் முட்டைக்கு எங்கள் வீட்டில் மட்டி வாழைப்பழக் கேக். நாட்டுக்கோழி முட்டை சிறியது, சுமார் 40 கிராம்தான் வரும், கடை முட்டை மூன்று சொல்லியிருந்தால் இதில் நான்கு போடுங்கள். நான்கு முட்டையையும் 150 கிராம் பொடித்த சீனியையும் நுரைக்க அடித்து, 100 மில்லி தேங்காய் எண்ணெய், நன்றாகப் பழுத்த மட்டிப்பழம் நான்கு மசித்துச் சேர்த்து, 200 கிராம் மைதா, ஒன்றரைச் சின்ன ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, மூன்று கிராம்பு பொடித்தது கலந்துவிடுங்கள். மட்டியும் கிராம்பும் நம் மாவட்டத்துக்கே புவிசார் குறியீடு வாங்கித் தந்தவை, இரண்டும் சேர்ந்தால் வாசனை வேறு மாதிரி. ஓவன் வேண்டாம். பழைய குக்கரில் ஓரங்குலம் மணல் போட்டு, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கி, பாத்திரத்தை ஒரு வளையத்தின் மேல் வைத்துச் சிறு தீயில் 45 நிமிடம். ஈர்க்கு குத்தினால் மாவு ஒட்டக் கூடாது. முதல் தடவை நான் கேஸ்கட்டை எடுக்க மறந்து, ரப்பர் தீய்ந்த நாற்றத்தில் கேக்கை நாய்கூட மோந்து பார்க்கவில்லை.

முட்டை ஓட்டை அப்படியே முற்றத்தில் எறியாதீர்கள். நாய்க்கு ருசி தெரிந்துவிட்டால் முட்டைப்பெட்டிக்கே வந்துவிடும், கோழியும் தன் முட்டையையே கொத்தப் பழகும். கேக்கை எடுத்த பிறகு அந்தக் குக்கர் சூட்டிலேயே முட்டை ஓடுகளைப் போட்டு மொறுமொறுவென்று காயவைத்து, பொடியாக நுணுக்கித் தீனியில் கலந்தால் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து. கிறிஸ்துமஸுக்கு உலர்திராட்சை போட்ட கேக் செய்தால் மட்டும் நாய்க்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது, திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மேசைக்குக் கீழே கை நீளும்.