மனசு கனமா இருக்கறப்ப என்ன பண்றது: பார்டர் பக்கத்துப் பசங்களுக்கு

டென்த், ப்ளஸ் டூ படிக்கற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு கேரளா-தமிழ்நாடு பார்டர்ல இருக்கற நம்ம பக்கத்துல வீட்டுல தமிழு, ஸ்கூல்ல மலையாளம், அடுத்து காலேஜ்க்கு கோயமுத்தூரா பாலக்காடான்னு வீட்டுல ஒரு பஞ்சாயத்து, இதெல்லாம் சேர்ந்து வர்ற டென்ஷன் நம்ம புள்ளைங்களுக்கே உண்டானது. நான் இங்க டியூஷன் எடுக்கறவ, டாக்டர் இல்ல, அதனால எங்க வரைக்கும் நாமளே பாத்துக்கலாம், எப்ப டாக்டர்கிட்ட போகோணும்ங்கறதையும் சேர்த்தே சொல்லிர்றேன்.

மொதல்ல ஒடம்ப கவனிங்க. நிறைய பேருக்கு டென்ஷன் மனசுல தெரியறதுக்கு முன்னாடி வயித்துலதான் தெரியும். திங்கக்கெழம காலைல மட்டும் வயித்து வலி, பரீட்ச பேப்பர் குடுக்கற அன்னிக்கு தலவலி, சும்மா அம்மா கூப்பிட்டாலே எரிஞ்சு விழறது, சோறு எறங்காம இருக்கறது, இதெல்லாம் நடிப்பு இல்ல. பயம் வந்தா ஒடம்புல அட்ரினலின்ங்கற ஹார்மோன் கூடுது, நெஞ்சு படபடங்குது, வயிறு வேலைய கொறைச்சுக்குது, அவ்ளோதான். அந்த நேரத்துல மூச்சுதான் சட்டுனு கைக்கு கெடைக்கற மருந்து. தரையில சுவத்துல சாஞ்சு உக்காந்து மூக்கு வழியா நாலு எண்ணற வரைக்கும் இழுங்க, ஆறோ எட்டோ எண்ணி மெதுவா விடுங்க, இழுக்கறத விட விடறது நீளமா இருக்கோணும், அப்பத்தான் நெஞ்சுத் துடிப்பு எறங்கும். ஒரு அஞ்சு நிமிஷம் பண்ணுங்க. பரீட்ச ஹால்ல பெஞ்சுல உக்காந்துட்டே பண்ணலாம், யாருக்கும் தெரியாது.

அடுத்தது, இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. "எல்லாமே போச்சு"ன்னு தோணறப்ப ஒரு ரஃப் நோட்ட எடுத்து, எது போச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. எழுதிட்டு அதுக்குள்ள என்ன இருக்குன்னு மறுபடி கேளுங்க. என்கிட்ட வந்த ஒரு பொண்ணு "மேத்ஸ்"னு எழுதுச்சு. மேத்ஸ்ல என்ன கண்ணுன்னு கேட்டா ட்ரிக்னாமெட்ரி, அதுல என்னன்னு கேட்டா சார் மலையாளத்துல வேகமா சொல்றப்ப ரெண்டு மூணு வார்த்த புரியல, எந்திரிச்சு கேட்டா பசங்க சிரிப்பாங்கன்னு பயம். மாசக்கணக்கா தூக்கத்த கெடுத்துட்டு இருந்தது கடைசில பாத்தா அந்த சிரிப்புதான், கணக்கு இல்ல. கிளாஸ் முடிஞ்சு ஸ்டாஃப் ரூம் வாசல்ல தனியா போய் கேக்கறதுன்னு முடிவு பண்ணுச்சு, பாதி பாரம் எறங்கிருச்சு. இந்த மாதிரி பிரச்சனைக்கு இங்க வழியும் இருக்கு, கேரளாவுல பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் புஸ்தகம் அரசாங்கமே போடுது, எஸ்எஸ்எல்சி கேள்வித்தாள் தமிழ்லயும் வருது, நீங்க மலையாளம் மீடியமா இருந்தாலும் அந்த தமிழ் புக்க பக்கத்துல வெச்சுட்டு படிக்கலாம். பெயிலாயிருவோம்னு பயம்னா கேரளாவுல அதே வருஷம் மறுபடி எழுதற சே (SAY, சேவ் எ இயர்) பரீட்ச இருக்கு, தமிழ்நாட்டுப் பக்கம் படிக்கறவங்களுக்கு துணைத் தேர்வு இருக்கு, ஒரு வருஷமே போயிரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

தூக்கத்துல கை வெக்காதீங்க சாமி. உங்க வயசுல எட்டுல இருந்து பத்து மணி நேரம் வேணும். டீனேஜ்ல தூக்கம் வரவைக்கற மெலடோனின் ராத்திரி லேட்டாத்தான் சுரக்கும், அதனால பத்து மணிக்கு தூக்கம் வரலைன்னா நீங்க சோம்பேறின்னு அர்த்தமில்ல, ஆனா அதுக்கு மேல ரீல்ஸ் வேற பாத்தா ஒரு மணி ஆயிரும், காலைல ஆறு மணி டியூஷன். போன சார்ஜர்ல போட்டு சமையல் ரூம்லயே வெச்சுட்டு வந்து படுங்க. ஹான்ஸ் மாதிரி புகையில, கஞ்சான்னு டென்ஷனுக்கு நல்லதுன்னு யாராச்சும் நீட்டுனா வாங்காதீங்க, தூக்கமும் கெடும் பயமும் கூடும்.

வீட்டுல சொல்றதுதான் கஷ்டம், தெரியும். "நாங்க படாத கஷ்டமா"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. அதனால டிப்ரெஷன், ஆங்ஸைட்டின்னு பெரிய பேர்ல ஆரம்பிக்காம, "அம்மா, ரெண்டு வாரமா தூக்கம் வரல, சாப்பிடப் பிடிக்கல, பயமா இருக்கு"ன்னு ஒடம்புல நடக்கறத சொல்லுங்க. மூஞ்சிய பாத்து சொல்ல முடியலைன்னா கடைக்கு கூட நடந்து போறப்பவோ தேங்கா உரிக்கறப்பவோ சொல்லுங்க, அப்ப வார்த்த தானா வரும். அம்மா அப்பாகிட்ட முடியலைன்னா அத்தை, மாமா, பெரியம்மா யாராவது ஒருத்தர், இல்லைன்னா ஸ்கூல் கவுன்சிலர். இங்க நிறைய கவர்மெண்ட் ஸ்கூல்ல கவுன்சிலர் இருக்காங்க, போனவொடனே "நான் சொல்றத வெளிய சொல்லுவீங்களா"ன்னு தைரியமா கேளுங்க, உயிருக்கு ஆபத்துன்னாலோ உங்களுக்கு யாராச்சும் தொந்தரவு குடுத்தாலோதான் மத்தவங்ககிட்ட சொல்லியாகோணும்னு அவங்களே வெளக்குவாங்க. மலையாளத்துல மனசு தொறக்க வரலைன்னா தமிழ்லயே பேசுங்க, இந்தப் பக்கம் பெரும்பாலும் எல்லாருக்கும் புரியும்.

ரெண்டு வாரத்துக்கு மேல இப்பிடியே இருந்தா, பிடிச்ச விளையாட்டுகூட பிடிக்காம போனா, டாக்டர பாக்கோணும். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டருங்க தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு குறிப்பிட்ட நாள்ல வருவாங்க, நம்ம பாலக்காடு சித்தூர் ஆஸ்பத்திரில ஓபி சீட்டு எடுக்கற எடத்துல எந்த நாள்னு கேட்டுக்கோங்க. மாத்திர குடுத்தா நடுவுல நீங்களா நிறுத்தாதீங்க.

செத்துரலாம்னு தோணுனா, இல்ல உங்கள நீங்களே காயப்படுத்திக்கறீங்கன்னா, அன்னிக்கே ஒரு பெரியவங்ககிட்ட சொல்லோணும், தனியா இருக்கக்கூடாது. டெலி மானஸ்ங்கற மனநல உதவி போன் நம்பர் 14416, இது 2022ல கவர்மெண்ட் ஆரம்பிச்சது, நாள் பூரா எடுப்பாங்க, காசு கெடையாது, மொழி கேக்கும், தமிழ எடுத்துக்கலாம். பதினெட்டு வயசுக்குள்ள இருந்து வீட்டுலயோ வெளியயோ யாராச்சும் அடிச்சா, தப்பா தொட்டா குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098. உடனே ஆபத்துன்னா 112. ஃப்ரெண்டு உங்ககிட்ட "யார்கிட்டயும் சொல்லாத"ன்னு சத்தியம் வாங்கிட்டு இப்பிடி சொன்னா அந்த சத்தியத்த மீறுங்க, கோவிச்சுக்கட்டும், அப்பறம் சமாதானம் பண்ணிக்கலாம்.

போன் போட்டா என்ன பேசறதுன்னு தெரியலைன்னு நிறைய பேர் சொல்றாங்க. "எனக்கு பதினாறு வயசு, கொஞ்ச நாளா மனசு சரியில்ல, எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல"ன்னு மட்டும் சொல்லுங்க, போதும், மீதிய அவங்க கேப்பாங்க.