புகைப்பழக்கம் உள்ள பெரியவரை விமானத்தில் அழைத்துச் செல்லும்போது

மதுரையிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெரியவருக்குப் பீடியோ சிகரெட்டோ பழக்கமாக இருந்தால், உடன் செல்பவர் முதலில் புகையின்றிக் கழிக்க வேண்டிய நேரத்தைக் கணக்கிட வேண்டும். பறப்பது 4 மணி நேரம்தானே என்று நினைப்பது தவறு. முனையத்தின் வாசலில் பயணச்சீட்டைக் காட்டி உள்ளே நுழைந்ததுமே கணக்கு தொடங்கிவிடுகிறது. 3 மணி நேரம் முன்னதாக உள்ளே சென்று, சோதனைகளை முடித்து, அங்கே இறங்கி வரிசையில் நின்று வெளியே வரும்வரை கூட்டினால் 8 மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், விமான நிலையங்களில் அதற்கெனத் தனி இடம் ஒதுக்க அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. எனவே உள்ளே அறை இருக்கும் என்று நம்பிப் போகாமல், மதுரை ரிங் ரோட்டில், விமான நிலையத்துக்கு அருகிலுள்ள மண்டேலா நகர் வருவதற்கு முன்பே காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அவசரமின்றி ஒன்றை முடிக்க விடுவது நல்லது. முனைய வாசலில் திருட்டுத்தனமாக இழுத்து 200 ரூபாய் அபராதம் கட்டுவதில் பெரியவருக்கும் மரியாதை இல்லை.

கார் நின்ற இடத்திலேயே தீப்பெட்டியையும் லைட்டரையும் ஓட்டுநரிடம் கொடுத்துவிட வேண்டும். நம் விமான நிலையங்களில் அவற்றைக் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் வைக்க முடியாது. சட்டைப் பையை மட்டும் பார்த்தால் போதாது. வேட்டி மடிப்பிலும், பெட்டிக்குள் மடித்து வைத்த பழைய சட்டையிலும் தீப்பெட்டி ஒளிந்திருக்கும். மின்சிகரெட்டுக்கு இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் தடை இருப்பதால், பேரன் வாங்கிக் கொடுத்தது என்றாலும் வீட்டோடு விட்டுவிட வேண்டும்.

சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கு அறவே கிடையாது. பிரித்த பாக்கெட்டில் மீதமிருக்கும் ஒன்றிரண்டையும்கூடச் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். மெல்லும் புகையிலையைக் கொண்டுபோகவே கூடாது என்பதால், வெற்றிலைச் சுருக்குப்பையையும் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

தவிப்பு அதிகம் உள்ளவருக்கு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையைப் பயன்படுத்தலாம். நிகோடின் சூயிங்கமும் உண்டு என்றாலும், சூயிங்கம் கொண்டுசெல்லச் சிங்கப்பூரில் கட்டுப்பாடு இருப்பதால் பட்டையே தொல்லையில்லாதது. அது ஒட்டியவுடன் வேலை செய்யாது, சில மணி நேரம் எடுக்கும். கடைசிப் பீடியை முடித்த கையோடு ஒட்டினால் விமானம் ஏறும் வேளைக்குச் சரியாக இருக்கும்.

விமானக் கழிவறையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே பேசிவிட வேண்டும். அதன் கதவில் சிறிய சாம்பல் கிண்ணம் இருக்கும். அதை அனுமதி என்று பெரியவர் நினைத்துவிடக் கூடும். விதியை மீறி எவராவது பற்றவைத்தால், எரியும் சிகரெட் துண்டைக் காகிதக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. 1973-இல் பாரிஸ் அருகே வாரிக் நிறுவன விமானத்தின் கழிவறைக் குப்பைத் தொட்டியில் தொடங்கியதாகக் கருதப்படும் தீயில் 123 பேர் இறந்தார்கள். இன்று புகை உணரும் கருவி உடனே ஒலிக்கும். இறங்கியதும் காவலர் காத்திருப்பார்.

சாங்கி நிலையத்தில் இறங்கி வெளியே வந்தபின்னும் கண்ட இடத்தில் பற்றவைக்க முடியாது. வரவேற்க வரும் மகனையோ மருமகனையோ, புகைக்க ஒதுக்கிய இடம் எங்கே என்று முன்பே பார்த்து வைக்கவும், கையோடு ஒரு லைட்டரைக் கொண்டுவரவும் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும்.