எழுத்தோடு மல்லாடும் பிள்ளைக்குச் சிறப்பாசிரியரைத் தேடும்போது

கேட்ட கேள்விக்கு வாயால் சரளமாகப் பதில் சொல்லும் பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் நகர மறுக்கிறது, மூன்றாம் வகுப்பு முடிந்தும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறது என்றால், பெரும்பாலான வீடுகளில் முதலில் டியூஷனைத்தான் மாற்றுகிறார்கள். ஆனால் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதே பாடத்தை இன்னொரு முறை நடத்துபவரால் பயனில்லை. எழுத்தும் ஒலியும் எங்கே இணையாமல் நிற்கின்றன என்று கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்கத் தெரிந்தவரே வேண்டும்.

ஆசிரியரைத் தேடுவதற்கு முன் மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும். பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்துவிட்டு, மருத்துவ உளவியலாளரிடம் சென்றால், சிக்கல் வாசிப்பிலா, எழுத்திலா, கணக்கிலா என்பதை அறிக்கையாகத் தருவார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் ஊனமாக ஏற்கிறது. அதற்கான அரசுச் சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே கிடைக்கும். பயிற்சிக்கு அந்த வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு வயதில் தெரிந்தால் ஆறு வயதிலேயே தொடங்கிவிட வேண்டும்.

விசாரிக்க நல்ல இடம், மதிப்பீடு செய்த உளவியலாளரே. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் (டிஸ்லெக்சியா என்பது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) இந்தத் துறைக்கென்றே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநர்களை அணுகலாம்.

தகுதியைக் கேட்கத் தயங்க வேண்டாம். சிறப்புக் கல்வியில் பி.எட். அல்லது டிப்ளமோ முடித்தவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை வாங்கி, அது நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். பலர் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. சிறப்புக் கல்வியில் செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு எனப் பிரிவுகள் தனித்தனி. வேறு பிரிவில் தேர்ந்தவர் நல்ல ஆசிரியராகவே இருக்கலாம். ஆனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு எத்தனை ஆண்டுகள் கற்பித்திருக்கிறார் என்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

சான்றிதழை விட ஒரு மாதிரி வகுப்பு அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான எண்ணம். நான் பார்த்த ஒரு வகுப்பில் சிறுவன் ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்று படித்தான். ஆசிரியை திருத்தவில்லை. தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் ‘க’ எழுதச் சொன்னார். பிறகு அதன் இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால் என ஒவ்வொன்றாகச் சேர்க்கச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒலியைச் சொல்ல வைத்தார். வாயில் பின்னால் வரும் உயிரொலியின் குறி தாளில் முன்னால் நிற்பதும், ஒரே ஒலிக்கு எழுத்தின் இருபுறமும் குறி வருவதும் தமிழில் இப்பிள்ளைகளைத் தடுக்கும் இடங்கள். இது தெரிந்த ஆசிரியை மதிப்பெண் பட்டியலைக் கேட்பதற்கு முன் பிள்ளையின் பழைய நோட்டைக் கேட்பார். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளை என்றால் எந்த மொழியில் முதலில் தொடங்குவார், ஏன் என்றும் கேளுங்கள்.

மூன்று மாதத்தில் குணமாக்கிவிடுவதாக உறுதி சொல்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். இது நோயன்று, பயிற்சியால் பிள்ளை தனக்கான வழியில் படிக்கப் பழகும், அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். பிள்ளைக்கென வகுக்கும் இலக்குகளின் பட்டியலான தனிநபர் கல்வித் திட்டத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். ‘வாசிப்பு மேம்படும்’ என்பதை இலக்காக ஏற்காமல், எந்தெந்தக் குறிகளை எப்போதைக்குள் தடுமாறாமல் படிக்கும் என்று கேளுங்கள். அவர் பள்ளி ஆசிரியரோடு பேச இசைவாரா என்பதும் முக்கியம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், சொல்வதை எழுதுபவருக்கும் விண்ணப்பிப்பது பள்ளி வழியாகத்தான்.

முதல் வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில், “அந்த டீச்சர்கிட்ட மறுபடி போகலாமா?” என்று பிள்ளையைக் கேளுங்கள். முதல் நாள் படித்த பத்தியைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்து, மூன்று மாதம் கழித்து அதே அளவு கடினமான வேறொரு பத்தியைப் படிக்கச் சொல்லி, இரண்டையும் ஆசிரியையோடு உட்கார்ந்து கேளுங்கள். தயக்கம் எந்த எழுத்துகளில் குறைந்திருக்கிறது என்று அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால், வேறொருவரைத் தேடத் தொடங்கலாம்.